ஷியான் இரவுச் சந்தை: பெரிய தெருவில் பாருங்கள், சந்துக்குள் சாப்பிடுங்கள்

கேள்வி இது. கணவனும் மனைவியுமாக இருவர் சீனாவின் ஷியான் நகருக்குப் போகிறார்கள். பகல் முழுக்கச் சுடுமண் படைவீரர்களும் அருங்காட்சியகமும். மாலை நேரம் இரண்டு நாள் கையில் இருக்கிறது. இரவுச் சந்தையில் சாப்பிட வேண்டும், வீட்டுக்கு ஏதாவது வாங்க வேண்டும். மனைவி சைவம். கணவர் அசைவம், ஆனால் மாட்டிறைச்சி தொடமாட்டார். எங்கே போவது, எதைச் சாப்பிடுவது, ஏமாறாமல் எப்படி வாங்குவது?

வேலை நிமித்தமாக அந்த ஊரில் தங்கியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாட்டிறைச்சி விஷயத்தை முதலிலேயே கவனித்துக்கொள்வது நல்லது. ஷியானின் பெயர்பெற்ற உணவுத் தெரு முஸ்லிம் குடியிருப்பில் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் ஹுய் இன முஸ்லிம்கள். எனவே பன்றி இறைச்சியோ பன்றிக் கொழுப்போ அந்தத் தெருவுக்குள் வராது. சைவக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி, ஏனென்றால் சீனாவின் மற்ற இடங்களில் கீரை வதக்கலில்கூடப் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கலாம். ஆனால் பன்றி இல்லாத இடத்தை ஆடும் மாடும் நிரப்புகின்றன. இந்தத் தெருவுக்கு வெளியே ரோஜியாமோ என்றால் பெரும்பாலும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டி. இந்தத் தெருவில் அதே ரொட்டிக்குள் உப்பிட்டு வேகவைத்த மாட்டிறைச்சி இருக்கும். சாறு நிரப்பிய கொழுக்கட்டையான குவான்டாங் பாவோஸியிலும் மாடு, ஆடு என்று இரண்டு வகை உண்டு. ஆடு என்றால் 'யாங்', மாடு என்றால் 'நியூ'. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு, கணவர் ஒவ்வொரு கடையிலும் விரலை நீட்டி "யாங்?" என்று கேட்டுவிட்டே வாங்கட்டும். கூச்சம் வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்கிறார்கள்.

இனி இடம். மெட்ரோவில் ஜோங்லோ நிலையத்தில் இறங்குங்கள். 2-ஆம் தடமும் 6-ஆம் தடமும் அங்கே சந்திக்கின்றன. வெளியே வந்தால் 1384-இல் கட்டிய மணிக் கோபுரம், சற்று மேற்கே 1380-இல் கட்டிய முரசுக் கோபுரம், இரண்டும் விளக்கொளியில் நிற்கும். முரசுக் கோபுரத்தின் அடியில் உள்ள வளைவு வழியாக வடக்கே நுழைந்தால் பெய்யுவான்மென் தெரு. சுற்றுலாக்காரர்கள் முஸ்லிம் தெரு என்று சொல்வது இதைத்தான். நீளம் அரை கிலோமீட்டர்தான், ஆனால் விடுமுறை நாளில் அதைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகலாம். அக்டோபர் முதல் வாரத்தின் தேசிய விடுமுறையும் மே முதல் நாளை ஒட்டிய விடுமுறையும் உங்கள் பயணத்தில் விழுந்தால், தேதியை மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மாலை 6 மணிக்கு முன்பே உள்ளே போய்விடுங்கள்.

பெய்யுவான்மென் கண்ணுக்கான தெரு, வயிற்றுக்கான தெரு அல்ல. வழிகாட்டிகள் இதை வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். அந்தத் தெருவில் குச்சியில் குத்திய முழுக் கணவாய் இருக்கும், சாங்ஷா ஊரின் நாற்றமடிக்கும் தோஃபு இருக்கும், சிப்பி சுட்டுத் தருவார்கள். கடலில் இருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊரில் சிப்பிக்கும் கணவாய்க்கும் என்ன வேலை? சீனாவின் எந்த நகரத்து இரவுச் சந்தைக்குப் போனாலும் இதே வரிசையைப் பார்க்கலாம். எங்கேயும் கிடைப்பதை இங்கே வாங்காதீர்கள் என்பதுதான் என் ஒரே விதி. தேள் குத்திய குச்சியும் இந்தக் கணக்கில்தான் சேரும். அது படம் எடுக்க வருபவர்களுக்காக விற்கும் சரக்கு. அதற்குப் பேர்போன பெய்ஜிங்கின் டொங்ஹுவாமென் இரவுச் சந்தையை 2016-இலேயே மூடிவிட்டார்கள்.

ஆனாலும் அந்தத் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். கடலை மிட்டாய்க் கடை வாசலில் இரண்டு ஆட்கள் எதிரெதிரே நின்று, பெரிய மரச் சுத்தியல்களால் வேர்க்கடலையையும் சர்க்கரைப் பாகையும் மாறி மாறி இடித்துக்கொண்டிருப்பார்கள். இடிக்கும் தாளம் நாலு கடை தள்ளியும் கேட்கும். மாதுளம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கைப்பிடி இயந்திரத்தில் நசுக்கிச் சாறு தருவார்கள். லின்டொங் மாதுளை அந்தப் பக்கத்தில் பெயர்பெற்றது, செப்டம்பர், அக்டோபரில் சுவை உச்சத்தில் இருக்கும். பாட்டிலில் ஏற்கெனவே நிரப்பி வைத்ததை வாங்காமல், உங்கள் கண்ணெதிரே பிழியச் சொல்லுங்கள்.

பாதித் தெரு போனதும் இடது கைப்பக்கம் திரும்பினால் ஷீயாங்ஷி, அதற்கு வடக்கே டாபியுவான் என்று சந்துகள் வரும். அவற்றைக் கடந்து மேற்கே பதினைந்து இருபது நிமிடம் நடந்தால் சாஜின்சியாவ். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவது இந்தப் பகுதிகளில்தான். இப்போது கைப்பேசிக் காணொலிகளின் புண்ணியத்தில் சாஜின்சியாவுக்கும் கூட்டம் வந்துவிட்டது, ஆனாலும் விலையும் சுவையும் இன்னும் கெடவில்லை. நேரே அங்கே போக வேண்டுமென்றால் அதே பெயரில் 1-ஆம் தடத்தில் மெட்ரோ நிலையம் இருக்கிறது.

மனைவிக்கு முதல் பரிந்துரை யோபோ மியென். கைவிரல் இரண்டு சேர்த்த அகலத்துக்கு இழுத்த நூடுல்ஸ். பெல்ட் என்றே கேலி செய்வார்கள். வெந்ததும் கிண்ணத்தில் போட்டு, மேலே உப்பு, மிளகாய்த்தூள், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், பூண்டு குவிக்கிறார்கள். பிறகு புகையும் அளவுக்குக் காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி அந்தக் குவியல் மேல் விழுகிறது. சடசடவென்று பொரிந்து, மிளகாய் சிவந்து, வாசம் மூக்கில் ஏறும்; நம் வீட்டுத் தாளிப்பைக் கடைசியில் கிண்ணத்திலேயே செய்தது போல. அடியில் கறுப்பு வினிகரும் சோயாவும் இருக்கும். உடனே அடிவரை புரட்டிவிட வேண்டும், தாமதித்தால் நூடுல்ஸ் ஒட்டிக்கொள்ளும். இதன் பெரிய உறவு பியாங்பியாங் நூடுல்ஸ். அதில் இறைச்சிக் குழம்பும் முட்டையும் சேர்ப்பார்கள், எனவே சைவக்காரர் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியது யோபோ மியென்தான்.

அடுத்தது லியாங்பி. அரிசி அல்லது கோதுமை மாவைத் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்து, ஆறவைத்து, பட்டையாக வெட்டி, வெள்ளரி, முளைகட்டிய பயறு, வினிகர், மிளகாய் எண்ணெய் சேர்த்துக் குளிர்ச்சியாகத் தருவது. முஸ்லிம் கடைகளில் எள் விழுது சேர்த்த வகையும் உண்டு. பத்து யுவானை ஒட்டிய விலை. ஒரு யுவான் சுமார் 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நம் ஊர்ச் சிற்றுண்டி விலைதான். கூடவே பிங்ஃபெங் என்ற ஆரஞ்சு சோடா கேளுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் வரும் அந்த சோடா ஷியான்காரர்களின் பள்ளிப் பருவத்து ருசி. சோடா பிடிக்காதவர்களுக்குப் புகையூட்டிய பிளம்ஸ் பழத்தைக் காய்ச்சிச் செய்யும் புளிப்பும் இனிப்புமான சுவான்மெய்டாங் இருக்கிறது. பீர் தேடாதீர்கள். ஹுய் முஸ்லிம் கடைகளில் மது விற்பதில்லை, வெளியே வாங்கிக் கொண்டுபோய்க் குடிப்பதும் மரியாதை அல்ல.

இனிப்பில் பெர்சிமன் பணியாரம் ஒன்று. லின்டொங்கின் சிறிய சிவந்த பெர்சிமன் பழக்கூழைக் கோதுமை மாவுடன் பிசைந்து, உள்ளே பயற்று விழுதோ எள்ளோ அக்ரூட்டும் சர்க்கரையுமோ வைத்து, தட்டையான கல்லில் எண்ணெய் விட்டுப் பொரிக்கிறார்கள். சூட்டோடு கடித்தால் பாகு நாக்கைச் சுட்டுவிடும், பொறுங்கள். இன்னொன்று ஜிங்காவ், பார்ப்பதற்கே அழகு. உள்ளங்கைக்குள் அடங்கும் மரக் கிண்ணத்தில் அரிசி மாவை நிரப்பி, ஆவி வரும் துளைமேல் வைப்பார்கள். சில நிமிடத்தில் அடியிலிருந்து தள்ளினால் வெள்ளை வட்டம் ஒன்று எழும். இரண்டு மூங்கில் குச்சிகளைக் குத்தி, ரோஜா ஜாம் தடவி, எள்ளும் கடலையும் கலந்த சர்க்கரைப் பொடியில் புரட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். இவை பெரும்பாலும் முழுச் சைவமே. இருந்தாலும் முட்டை, நெய் விஷயத்தில் கண்டிப்பு உள்ளவர்கள், 'இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் சேர்க்க வேண்டாம்' என்று சீன மொழியில் எழுதிய வரியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு காட்டுவது உத்தமம். சாறு என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றில் போட்டுத் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது நியாயம்.

கணவர் சாப்பிட வேண்டியது யாங்ரோ பாவ்மோ, ஆட்டுச் சாற்றில் ஊறும் ரொட்டி. அதற்குப் பொறுமை வேண்டும். கடையில் உட்கார்ந்ததும் வெறுங் கிண்ணமும் பாதி வெந்த கனமான வட்ட ரொட்டி ஒன்றோ இரண்டோ முன்னால் வைப்பார்கள். சாப்பிடுபவரே அதை விரலால் கிள்ளிப் போட வேண்டும். அளவு சோயா மொச்சை அளவு. அவசரப்பட்டுப் பெரிதாகப் பிய்த்தால் சமையல்காரர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளிப்பார். துண்டு பெரிதானால் சாறு உள்ளே இறங்காது. பக்கத்து மேசையில் வயதானவர்கள் இருவர் கதை பேசிக்கொண்டே அரை மணி நேரம் கிள்ளிக்கொண்டிருப்பதைக் காணலாம், அவர்கள் கிண்ணத்தைப் பார்த்து அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். முடித்ததும் எண் வில்லை ஒன்றோடு கிண்ணம் உள்ளே போகும். ஆட்டுச் சாற்றில் கொதித்து, கண்ணாடிச் சேமியாவும் இறைச்சித் துண்டுகளும் சேர்ந்து திரும்பி வரும். பக்கத்தில் சர்க்கரையில் ஊறிய பூண்டும் மிளகாய் விழுதும். கிண்ணத்தைக் கலக்கக் கூடாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட வேண்டும், அப்போதுதான் சூடு கடைசிவரை நிற்கும். இயந்திரத்தில் வெட்டிய ரொட்டியும் உண்டு. பசி அதிகமென்றால் அதைக் கேட்கலாம், ஆனால் பாதி அனுபவம் போய்விடும். இது முடிந்தபின் வேறு எதற்கும் வயிற்றில் இடம் இருக்காது. ஆகவே முதல் நாள் மாலை நடந்தபடி கொறிப்பதற்கு, இரண்டாம் நாள் பாவ்மோவுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சீரகமும் மிளகாயும் தூவிய ஆட்டிறைச்சிக் குச்சிகள் எங்கும் உண்டு. 'செந்நிற வில்லோ' என்று அவர்கள் சொல்லும் மரக் குச்சியில் பெரிய துண்டுகள் குத்தியது ஒன்று பத்துப் பதினைந்து யுவான் இருக்கும். சின்னக் குச்சியில் வருவதைக் கொத்தாகத்தான் கேட்பார்கள். விலை அளவுக்கு மீறிக் குறைவாக இருந்தால் அது ஆடுதானா என்று யோசியுங்கள்.

இந்தச் சந்தையின் சில நல்ல உணவுகள் இரவுக்கு உரியவையே அல்ல. பசையரிசியையும் சீன இலந்தைப் பழத்தையும் பயறையும் அடுக்கடுக்காகப் பெரிய பானையில் இரவெல்லாம் வேகவைத்த ஸெங்காவ் உள்ளூர்க்காரர்களுக்குக் காலை உணவு. மிளகு காரத்தோடு இறைச்சி உருண்டை மிதக்கும் ஹூலாடாங் சூப்பும் அப்படித்தான், ஆனால் அதில் மாட்டிறைச்சி, கணவர் விலகிவிடலாம். இரவில் ஸெங்காவ் கிடைத்தாலும் மறுநாள் காலையில் சாஜின்சியாவில் பானை திறக்கும்போது வாங்கிச் சாப்பிடுங்கள். இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டீர்கள்.

பணம். அங்கே மாதுளைச் சாறு விற்கும் பாட்டியும் க்யூஆர் அட்டைதான் வைத்திருப்பார். அலிபே, வீசாட் என்ற பணம் செலுத்தும் செயலிகள் இரண்டையும் ஊரிலேயே நிறுவி, பாஸ்போர்ட் சரிபார்ப்பை முடித்து, விசா அல்லது மாஸ்டர்கார்டை இணைத்துவிட்டுக் கிளம்புங்கள். ரூபே அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 200 யுவான் வரையிலான ஒவ்வொரு செலவுக்கும் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். சந்தையில் அந்த வரம்பைத் தாண்டுவது அபூர்வம். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவிட மறக்காதீர்கள். வங்கி அனுப்பும் ஓடிபி வர இந்திய சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். ரோமிங்குக்கு இன்னொரு பயனும் உண்டு. விடுதி வைஃபையில் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது, வெளிநாட்டு சிம்மின் டேட்டாவில் பெரும்பாலும் திறக்கும். கொஞ்சம் ரொக்கமும் வைத்திருங்கள். ரொக்கத்தை மறுப்பது அங்கே சட்டப்படி தவறு, ஆனால் சில்லறை தேடிக் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓடுவார்.

சாப்பாட்டில் பேரம் கிடையாது, எடையில்தான் வில்லங்கம். பலகையில் எழுதிய விலை எதற்கு என்று பாருங்கள். சீனாவில் ஜின் என்றால் 500 கிராம், லியாங் என்றால் 50 கிராம். உலர்பழமும் அக்ரூட்டும் அடுக்கி அழுத்திய பெரிய கட்டியிலிருந்து வெட்டி விற்கும் இனிப்பு எல்லா நகரங்களிலும் உண்டு. விலை லியாங்குக்கு எழுதியிருக்கும், அவர் வெட்டும் துண்டோ அரைக் கிலோ இருக்கும். வெட்டிவிட்ட பிறகு 'வேண்டாம்' என்று சொல்வது தகராறு. கத்தி இறங்குவதற்கு முன்பே எத்தனை யுவானுக்கு வேண்டும் என்று விரலால் காட்டிவிடுங்கள். உலர் பெர்சிமன், இலந்தை, அக்ரூட் வாங்கும்போதும் இதே எச்சரிக்கை.

பொருள் வாங்க இரண்டு இடங்கள். ஒன்று, முரசுக் கோபுரத்தின் பின்னால் பெரிய மசூதிக்குப் போகும் ஹுவாஜுயே சந்து. மசூதி 742-இல் தோன்றியதாக மரபு. இப்போதுள்ள கட்டடங்கள் பெரும்பாலும் மிங் வம்ச காலத்தவை. குவிமாடம் இல்லை, வளைந்த ஓட்டுக் கூரையும் தோட்ட முற்றங்களுமாகச் சீனக் கோயில் போலவே இருக்கும். மாலையில் மூடிவிடுவார்கள், எனவே வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே போய் வாருங்கள். தொழுகைக் கூடத்துக்குள் மட்டும் மற்ற மதத்தவருக்கு அனுமதி இல்லை. சந்து முழுக்க நினைவுப்பொருள் கடைகள். கடைக்காரர் கால்குலேட்டரில் ஒரு தொகையைத் தட்டிக் காட்டுவார். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தட்டித் திருப்பிக் கொடுங்கள். அவர் நெஞ்சில் கைவைத்து வருந்துவார், நீங்கள் நடக்கத் தொடங்குங்கள். பத்தடிக்குள் கூப்பிட்டால் உங்கள் விலை நியாயம், கூப்பிடாவிட்டால் அடுத்த கடையில் கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள். பச்சைமணிக்கல், பட்டு, பழங்காலக் காசு இந்த மூன்றையும் இங்கே வாங்க வேண்டாம். காசு உண்மையாகவே பழையது என்று அவர் சத்தியம் செய்தால் இன்னும் வம்பு: 1911-க்கு முந்தைய தொல்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துப்போவதற்குத் தடை இருக்கிறது.

இங்கே தாராளமாக வாங்கத் தக்கது நிழற்பாவை. ஷான்சி மாகாணத்தின் தோல்பாவை, நம் தோல்பாவைக்கூத்தின் தூரத்துச் சொந்தம். அங்கே மாட்டுத்தோலைக் கண்ணாடி போலச் சுரண்டி, ஆயிரக்கணக்கான வெட்டுகளால் பூவும் ஆடையும் கிரீடமும் செதுக்கி, வண்ணம் தீட்டி, மூட்டுகளை நூலால் இணைப்பார்கள். மலிவானவை பிளாஸ்டிக் தாளில் அச்சடித்தவை. வாங்குமுன் விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தோல் என்றால் ஒளி ஓரிடத்தில் தேன் நிறமாகவும் ஓரிடத்தில் மங்கலாகவும் கசியும், வெட்டிய விளிம்பில் கத்தியின் சின்னச் சின்னத் தயக்கங்கள் தெரியும். பிளாஸ்டிக்கில் எல்லாம் ஒரே சீராக இருக்கும். மாட்டுத்தோல் வீட்டுக்குள் வேண்டாம் என்றால் ஹுஷியென் உழவர் ஓவியங்களை வாங்கலாம்; அறுவடை, கோழி, திருமணம் என்று பளிச்சென்ற வண்ணத்தில் இருக்கும், சுருட்டிக் குழாயில் தருவார்கள்.

இன்னொரு இடம் ஷுயுவான்மென். தெற்கு வாசலை ஒட்டிய தெரு, ஜோங்லோவுக்கு ஒரே நிலையம் தெற்கே யொங்னிங்மெனில் இறங்க வேண்டும். தூரிகை, மசிக்கட்டி, காகிதம், கல்வெட்டுப் படி எல்லாம் இங்கே. பெயர் செதுக்கிய கல் முத்திரையை நின்ற இடத்திலேயே செய்து தருவார்கள். இது சீக்கிரம் அடங்கும் தெரு. நாலரை மணிவாக்கில் இங்கே முடித்துவிட்டு இருட்டும்போது முஸ்லிம் தெருவுக்கு வந்தால் கணக்கு சரியாக இருக்கும்.

டாடாங் புயெசெங் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 'தூங்கா நகரம்' என்று விளம்பரம் செய்யும், சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள நடைவீதி அது. தாங் வம்சத்து உடை வாடகைக்கு எடுத்து, முகம் வரைந்துகொண்டு, விளக்கொளியில் உலவுபவர்களைப் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், தாங் காலத்தில் சாங்ஆன் என்று பெயர் கொண்டிருந்த உண்மையான ஷியான் தூங்காத நகரமே அல்ல. உச்சிப் பொழுதில் 300 முறை முரசடித்துச் சந்தையைத் திறந்தார்கள், சூரியன் மறையும் முன் 300 முறை சேகண்டி அடித்து மூடினார்கள். இரவானால் குடியிருப்புகளின் கதவுகள் பூட்டப்படும், தெருவில் நடந்தால் தண்டனை. மூன்றாம் சாமம் வரை சந்தைக்குத் தடை போடக் கூடாது என்ற ஆணை 965-இல், சொங் வம்ச காலத்தில், கைஃபெங் தலைநகரில்தான் பிறந்தது.

இருந்தாலும் போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அங்கே உணவு விலை அதிகம், ருசி சுமார். வீதியின் வடக்கு முனையில் பெரிய காட்டுவாத்துக் கோபுரம் நிற்கிறது. இந்தியாவிலிருந்து சுவான்சாங் (நாம் யுவான் சுவாங் என்று படித்த துறவி) கொண்டுவந்த சுவடிகளைக் காப்பதற்காக 652-இல் எழுப்பியது. நம் காஞ்சிபுரம் வரை வந்து எழுதிவைத்தவர் அவர். அவருடைய சிலை கோபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது, படம் எடுக்கக் கூட்டம் நெருக்கும், ஒன்பது மணிக்குப் பிறகு கொஞ்சம் குறையும். திரும்பும்போது இரவு 11 மணிக்கு மேல் மெட்ரோவை நம்பாதீர்கள். டாக்சியை அலிபேயிலிருந்தே டிடி செயலியில் அழைக்கலாம், ஆனால் நடைவீதியின் வாசலில் வண்டி நிற்காது. இரண்டு குறுக்குத் தெரு தள்ளி நடந்து போய் அழையுங்கள்.